தேவாக்கா தன் கையால் எழுதிய குறைகள்

“வேலைய செய்றதுக்கு ஆள் கெடையாது. செஞ்ச வேலையப் பத்தி எழுதறதுக்கு மட்டும் பதினோரு ஃபாரம் கீது. இவனுங்க இன்னா ஆபீஸ் நடத்துறானுங்களா, பரீச்ச நடத்துறானுங்களா?”

தேவாக்கா இதை ஒரு நாளைக்கு மூன்று முறையாவது சொல்வார். காலையில் சொல்லும்போது நிஜமான கோபம் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் சொல்லும்போது நடுவில் ஒரு கொட்டாவி வரும். சாயங்காலம் பையைத் தோளில் மாட்டியபடி சொல்லும்போது அது ஏறக்குறைய பாட்டாகவே ஆகியிருக்கும். ஃபாரத்தின் எண்ணிக்கை மட்டும் வருடத்துக்கு வருடம் ஏறும். நான் வேலையில் சேர்ந்தபோது அது எட்டாக இருந்தது.

முழுப் பெயர் தேவானை. வயது நாற்பத்து நான்கு. தி. நகரில் பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு நான்கு மாடிக் கட்டடம். கீழ் இரண்டு மாடிகள் ஒரு பட்டுப்புடவைக் கடையின் கிடங்கு. மேல் இரண்டு மாடிகள் எங்கள் மென்பொருள் கம்பெனி. லிஃப்ட் ஒன்றுதான். காலையில் நாங்கள் புடவை மூட்டைகளோடு நெருக்கியடித்து மேலே போவோம். “பட்டுக்குக் குடுக்கிற மரியாதைல பாதி நமக்குக் குடுத்தா போதும் நைனா, கசங்காம வேலைக்குப் போலாம்” என்பார் அக்கா.

இரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கான மென்பொருள் எங்களுடையது. எழுதுகிறவர்கள் எழுதி அனுப்புவார்கள். அதைப் போட்டு உடைத்துப் பார்ப்பது எங்கள் குழுவின் வேலை. அக்காவைப் போல உடைப்பதற்கு ஆள் கிடையாது. சர்க்கரை அளவு போட வேண்டிய கட்டத்தில் ‘ஆட்டுக்குட்டி’ என்று அடித்துவிட்டு, எழுதிய பையனை அழைப்பார்.

“வாப்பா, இங்க வந்து பாரு. பேஷன்ட்டுக்கு சுகர் எவ்ளோன்னு கேட்டா ஆட்டுக்குட்டின்னு சொல்லிட்டேன். உன் சாஃப்ட்வேர் இன்னா சொல்து பாரு. ‘நார்மல்’னு பிரின்ட் எடுத்துக் குடுக்குது. ரெண்டு ஆட்டுக்குட்டின்னு போட்டாத்தான் அட்மிட் பண்ணுமா?”

அந்தப் பையன் சிரித்துக்கொண்டே போவான். ஆனால் சாயங்காலத்துக்குள் திருத்திவிடுவான்.

அக்கா எஞ்சினியரிங் படித்தவரில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டிய வீடு. அப்பா பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவர். பன்னிரண்டாவது முடித்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில் ஏழு பேரோடு நடந்துகொண்டிருந்த இந்தக் கம்பெனியில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தார். முதலாளி பத்ரிநாராயணன் அப்போது பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு திரிந்த காலம். அக்கா தபாலில் பி.ஏ. படித்தார். தட்டச்சு செய்கிறவர் தவறுகளையும் கண்டுபிடிக்கிறார் என்று பத்ரி சார் கவனித்து, சோதிக்கிற பக்கம் மாற்றினார். கூவக்கரை வீட்டை அரசு இடித்து அப்பா அம்மாவைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய வருடம், அக்கா சைதாப்பேட்டையில் வாடகைக்கு வந்தார். கணவர் நாகராஜ் பள்ளி வேன் ஓட்டுகிறார். மகள் நிலா பிளஸ் டூ. இருபத்து மூன்று வருடம், ஒரே கம்பெனி, ஒரே மென்பொருள். அதன் ஒவ்வொரு ஓட்டையும் அக்காவுக்குத் தெரியும். வேறு கம்பெனியின் வாசலில் கேட்கிற முதல் கேள்வி எஞ்சினியரிங் பட்டம் என்பதும் தெரியும்.

எங்கள் குழுவில் நான்கு பேர். அக்கா. ஓய்வுக்கு ஒன்றரை வருடம் பாக்கியிருந்த சுப்பராமன் சார். ரூபீனா. பிறகு நான்; என் பெயர் சைஃப். எங்களுக்கு மேலே மதிவாணன் என்கிற மேனேஜர். அவரை எப்படிச் சொல்வது? “ஓப்பனா பேசுவோம்” என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோய்க் கதவைச் சாத்துவார்.

இந்தக் கதை எல்லாம் கடைசி டப்பாவைப் பற்றியது.

வருடக் கடைசியில் எல்லோருக்கும் மதிப்பெண் போடுவார்கள். திரையில் ஐந்து டப்பாக்கள் இருக்கும். ஒவ்வொரு குழுவிலும் ஒருவரையாவது கடைசி டப்பாவில் போட்டே ஆக வேண்டும். எல்லோரும் நன்றாக வேலை செய்திருந்தாலும் ஒருவர் உள்ளே போகாமல் கம்ப்யூட்டர் அந்தப் பக்கத்தை மூட விடாது. கடைசி டப்பாவில் விழுந்தவருக்கு அந்த வருடம் ஊதிய உயர்வு கிடையாது. கூப்பிட்டு உட்கார வைத்துப் புத்தி சொல்வார்கள். அவ்வளவுதான். அப்போது அவ்வளவுதான்.

ஏழு வருடத்துக்கு முன் பாலு என்று ஒருவர் எங்கள் குழுவில் இருந்திருக்கிறார். அடுத்தடுத்து இரண்டு வருடம் அவரே கடைசி டப்பாவில் விழுந்தார். இரண்டாம் முறை மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டு, அடுத்த மாதம் வேலையை விட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அக்கா அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்.

“எங்க தெருவுல கொயாய்த் தண்ணி வர்றப்போ சண்டை வரும். அப்பால ஒரு முறை வெச்சோம். இன்னிக்கு உன் கொடம் மொதல்ல, நாளைக்கு என் கொடம் மொதல்ல. அதே கணக்கு இங்கயும். எவனோ ஒருத்தன் கடைசின்னு அவனுங்க சொல்லியே தீருவானுங்களா? சரி. யாருன்னு நாம சொல்லுவோம்.”

அன்றிலிருந்து எங்கள் குழுவில் டிசம்பர் வந்தால் “இந்த வருசம் யார் கொடம்?” என்பதுதான் பேச்சு. நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒருவர். யாருக்கும் அவமானம் இல்லை. மதிவாணனுக்கும் நிம்மதி; பெயரைத் தேட வேண்டியதில்லை. கதவைச் சாத்திவிட்டு, “ஓப்பனா பேசுவோம், இந்த முறை யாரு?” என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்.

ஒரே ஒரு சிக்கல் உண்டு. கடைசி டப்பாவுக்குச் சாட்சி வேண்டும். குறைகளை அவரவரே தன்மதிப்பீட்டு ஃபாரத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நன்றாக வேலை செய்த ஒருவர் தன்னைக் கெட்ட வேலைக்காரர் என்று நம்பும்படி எழுதுவது லேசில்லை. அந்தக் கலையில் அக்காதான் ஆசான். முறை யாருடையதாக இருந்தாலும் எழுதிக் கொடுப்பது அவர்தான். சுப்பராமன் சார் முறை வந்தபோது அக்கா எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு சார் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார்.

“நான் இப்படித்தான் இருக்கேனோ தேவானை? ஆத்துல சொல்லிண்டிருந்தேன். அவளும் ஆமாங்கறா.”

“சாரே, அது பொய்யி. நான் கட்டிவுட்டது.”

“பொய்யா எப்படி இவ்ளோ கரெக்டா எழுதினே?”

கடந்த டிசம்பரில் குடம் ரூபீனாவுடையது. அவள் பிரசவ விடுப்பு முடிந்து நவம்பரில்தான் திரும்பியிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் அவளே ஆரம்பித்தாள்.

“எனக்கே போடுங்கக்கா. எப்படியும் ஆறு மாசம் நான் இல்லை. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

“அதான் வாணாங்கறேன்” என்றார் அக்கா. “சைஃபுக்குப் போட்டா அது பொய்யுன்னு அவனுக்குத் தெரியும். எனக்குப் போட்டா எனக்குத் தெரியும். புள்ள பெத்துட்டு இப்போதான் வந்துகீற. உனக்குப் போட்டா நீயே நெசம்னு நம்பிடுவ. நைட்டெல்லாம் தூங்காத கண்ணுக்கு எதுவும் நெசமாத் தெரியும். நீ அடுத்த வருசம் எடுத்துக்க.”

“அப்போ இந்த வருசம்?”

“நான் எடுத்துக்கறேன்.”

“நீங்க ரெண்டு வருசம் முன்னாடிதானே எடுத்தீங்க?”

“அதுக்கு இன்னா இப்போ? எனக்குப் பயக்கம். போ, தயிர் சாதத்த முடி.”

அன்று மதியம் அக்கா தன் குறைகளை எழுத உட்கார்ந்தார். நாங்கள் மூவரும் சுற்றி நின்றோம். கல்யாண வீட்டில் பந்திக்கு இலை போடுகிற மாதிரி அப்படி ஒரு குஷி. ஆளுக்கொரு குறை எடுத்துக் கொடுத்தோம்.

“‘மற்றவர்களின் கருத்தை முழுதாகக் கேட்பதில்லை’ன்னு போடு” என்றார் சுப்பராமன் சார்.

“சாரே, இருங்க, நான் பேசி முடிச்சிடறேன்” என்றார் அக்கா.

“பாத்தேளா!”

ரூபீனா, “‘நேரத்துக்கு ரிப்போர்ட் தருவதில்லை’” என்றாள். அக்கா எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். “நீ இன்னா நைனா, வாய மூடிகினுகீற? நாலு பேர் கொரல்ல பேசுவியே, ஒரு கொரல்லயாச்சும் சொல்லு.”

நான் மதிவாணன் குரலில் தொண்டையைச் செருமி, ஓர் ஆங்கில வாக்கியத்தை எடுத்துவிட்டேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘புதிய தொழில்நுட்பங்களைக் கற்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது, மாறிவரும் சூழலுக்கு ஏற்ப என்னால் மாற முடியவில்லை என்பதை உணர்கிறேன்.’

அக்கா மேஜையைத் தட்டிச் சிரித்தார். “சூப்பரா கீதுடா! ‘உணர்கிறேன்’னு அழுவுற மாதிரி முடிச்சான் பாரு. அத்தயே மொத வரியா போடறேன்.”

போட்டார். சமர்ப்பித்தார். ஜனவரியில் மதிப்பெண்கள் பூட்டப்பட்டன. அதற்குப் பிறகு யாரும் மாற்ற முடியாது.

பிப்ரவரியில் எங்கள் எல்லோரையும் நான்காம் மாடிக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனியை வெளிநாட்டுக்காரர்கள் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. பத்ரி சாருக்கு இப்போது ‘கல்ச்சர்’ பொறுப்பு. பென்சில் இருந்த காதில் மைக் இருந்தது.

“இது கம்பெனி இல்லை. இது நம்மாத்துக் கூடம். நீங்கள்ளாம் என் குழந்தைகள். கூடத்துல ஒரு கஷ்டம்னா எல்லாரும் சேர்ந்துதான் தாங்கிக்கணும்.” குரல் கம்மியது. தண்ணீர் குடித்தார். “இந்த வருஷம் கடைசி ரேட்டிங் வாங்கின நம்ம ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் நம்ம ஜர்னியை இந்த மார்ச்சோட முடிச்சுக்கறா. அவாளுக்கு ஒரு பெரிய கைதட்டல் குடுப்போம்.”

கைதட்டினார்கள். தட்டுகிறவர்களுக்கே எதற்குத் தட்டுகிறோம் என்று புரிய இரண்டு நொடி ஆனது. அப்புறம் ஒவ்வொரு கையாக நின்றது. அக்காவும் தட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தியவர்களில் அவர்தான் கடைசி.

நான்கு பேரும் படியில் இறங்கினோம். கீழே டீக்கடைக்குப் போய் நின்ற பிறகு ரூபீனாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அது என் எடம். நான் போய்ச் சொல்லிடறேன்.”

“இன்னான்னு சொல்வ?”

“முறை மாத்திக்கிட்டோம்னு.”

“முறைன்னா இன்னாம்மான்னு கேப்பான். ஏழு வருசமா நாங்க எல்லாரும் சேர்ந்து உங்களுக்குக் காது குத்திகினு இருந்தோம்னு சொல்வியா?”

சுப்பராமன் சார் டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டிருந்தார். “எனக்கு ஒன்றரை வருஷந்தான் பாக்கி. நான் வேணா போறேன்னு எழுதிக் குடுத்துடட்டுமா? உனக்குப் பதிலா…” என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியம் முடியவில்லை. முடிக்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. அவர் மருமகன் ஆஸ்பத்திரியில் இருந்தார். அக்கா அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கி வைத்தார். “ஆறிப் போச்சு சாரே. வேற சொல்லவா?”

நானும் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. யார் குரலிலும் சொல்லவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

நான்கு பேருமாக மதிவாணனிடம் போனோம். “ஓப்பனா பேசுவோம்” என்றார். கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டார்.

“நான் போய் ரேட்டிங் பொய்யுன்னு சொன்னா, என்னோட ஏழு வருஷ ரேட்டிங்கும் பொய்யுன்னு ஆயிடும். என்னை விடுங்க. உங்க நாலு பேர் ஃபைலையும் எடுப்பாங்க. ‘ஃபோர்ஜரி’ன்னு ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க. அந்த வார்த்தையோட வெளிய போனா வேற எங்கயும் வேலை கிடைக்காது. தேவானை, நான் சொல்றது புரியுதுல்ல?”

“புரியுது சார்” என்றார் அக்கா.

“நான் உங்களுக்காக எவ்வளவோ ஃபைட் பண்ணேன்.”

“எப்போ சார்?”

மதிவாணன் யோசித்தார். “மனசுல” என்றார்.

அடுத்த வாரம் மனிதவளத் துறையில் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறை. துணைக்கு ஒரு சக ஊழியரை அழைத்து வரலாம் என்று விதி இருந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“நீ வா. ஆனா பேசாத. நீ வாயத் தொறந்தா யார் வருவாங்கன்னு உனக்கே தெரியாது.”

உள்ளே ஷ்ரேயா என்ற பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். அன்று காலையிலிருந்து நாங்கள் ஆறாவது ஆட்களாவது இருப்போம் என்று மேஜையில் பாதி காலியாகியிருந்த டிஷ்யூ பெட்டி சொன்னது.

“ஹாய் மேம். தண்ணி வேணுமா மேம்? ஸோ… இது ஒரு டிஃபிகல்ட்டான கான்வர்சேஷன் மேம். முதல்ல உங்களோட இருபத்து மூணு வருஷ கான்ட்ரிபியூஷனுக்கு…”

“தேங்க்ஸ்மா. விஷயத்துக்கு வா. உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்.”

ஷ்ரேயா திரையைப் பார்த்தாள். “இந்த டெசிஷன் யாரோட பர்சனல் ஒப்பீனியனும் இல்லை மேம். ரொம்ப ஃபேர் ப்ராசஸ். உங்க செல்ஃப் அசெஸ்மென்ட்டை வெச்சுதான்… நான் படிக்கட்டுமா?”

அக்கா தலையசைத்தார்.

அவள் ஆங்கிலத்தில், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி படித்தாள். முதல் வரி. புதிய தொழில்நுட்பங்களைக் கற்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. மாறிவரும் சூழலுக்கு ஏற்ப என்னால் மாற முடியவில்லை என்பதை உணர்கிறேன்.

நான் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிசம்பரில் அந்த வரியைச் சொல்லும்போது என் தொண்டையில் எந்த இடத்திலிருந்து குரல் வந்தது என்றுகூட எனக்குத் தெரியும்.

ஷ்ரேயா மற்ற வரிகளையும் படித்தாள். கேட்பதில்லை. நேரத்துக்குத் தருவதில்லை. ஆறு வரிகள். ஆறும் அத்தனை ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. படித்து முடித்ததும் அவளே ஒரு மாதிரி உருகிவிட்டாள்.

“மேம், எனக்குத் தெரிஞ்சு யாரும் இவ்வளவு ஹானஸ்ட்டா எழுதினதில்லை.”

அக்கா வெளியே பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரூபீனா தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

“ஏம்மா, இத்த நான் எய்தலன்னு சொன்னா?”

ஷ்ரேயா நிமிர்ந்தாள். கை கீபோர்டின் மேல் போனது. “அப்போ யார் எழுதினாங்க மேம்?”

அது சாதாரணக் கேள்விதான். அவள் கேட்ட விதத்தில் தந்திரம் எதுவும் இல்லை. ஒரு பெயர் சொன்னால் தட்டச்சு செய்துகொள்வாள். நான் வாயைத் திறந்தேன். அக்காவின் கை மேஜைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கமாக இல்லை. சூடான பாத்திரத்தின் பக்கம் போகிற குழந்தையைப் பிடிக்கிற மாதிரி.

“நான்தாம்மா எய்தினேன்” என்றார். “சும்மா கேட்டேன். எங்க கையெய்த்து போடணும்?”

வெளியே வந்ததும் நான், “அக்கா, அந்த மொத வரி…” என்றேன்.

“நல்ல வரி” என்றார் அக்கா. “அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாத.”

மார்ச் முழுக்க அக்கா வேலைக்கு வந்தார். புதிய பதிப்பு வெளியாக வேண்டியிருந்தது. அதைச் சோதித்து முடிக்க அவரைவிட்டால் ஆளில்லை. போகப்போகிற ஒருவரிடம் இதைக் கேட்க யாருக்கும் கூச்சமாக இல்லை. அக்கா தினமும் இருபது முப்பது ஓட்டை கண்டுபிடித்து எழுதினார். நடுவில் நான் அவருக்கு வேலை தேடுகிற தளங்களில் பெயர் பதிந்து கொடுத்தேன். பெருங்குடியிலும் அதற்கு அப்பாலும் முப்பத்தொரு கம்பெனிகள். ‘பட்டம்’ என்கிற கட்டத்தில் பி.ஏ. வரலாறு என்று தேர்ந்தெடுத்தால் அடுத்த பக்கத்துக்கே போகவில்லை.

“இது பக் இல்லடா, தெரியாம வுட்ட ஓட்ட இல்ல” என்றார் அக்கா திரையைப் பார்த்து. “இத்த வேணும்னேதான் இப்படி செஞ்சிகீறானுங்க.”

இரண்டு இடத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஒருவன் வயதைக் கேட்டான். இன்னொருவன் “முந்தைய கம்பெனியின் கடைசி மதிப்பெண் என்ன?” என்று கேட்டான். அக்கா சொன்னார். பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் பொய் எழுதிய மனுஷி, அன்று உண்மையான பொய்யைத்தான் சொன்னார். அவன் நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

கடைசி வாரத்தில் ஒரு நாள் பத்ரி சாரைப் பார்க்கப் போனார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்து, எங்களுக்கு அப்படியே நடித்துக் காட்டினார். அதுவரை குரல் எடுப்பது என் வேலையாக இருந்தது. அன்றுதான் அக்காவுக்கும் வரும் என்று தெரிந்தது.

“‘தேவானை, நீ இல்லாம இந்தக் கம்பெனி ஏதும்மா? மயிலாப்பூர் மாடியில நீ டைப் அடிச்ச சத்தம் இன்னும் என் காதுல கேட்டுண்டிருக்கு.’ அப்படியே கண்ணத் தொடைக்கிறாரு. சரி சார், இன்னா பண்லாம்னேன். ‘என் கையைக் கட்டிப் போட்டிருக்கா. ஆனா ஒண்ணு கேக்கறேன், நீ ஏம்மா அப்படி எழுதினே? நானே படிச்சேன். மாறிவரும் சூழலுக்கு ஏற்ப மாற முடியலேன்னு… என் கண்ணுல ஜலம் வந்துடுத்து. நானும் அப்படித்தாம்மா. எனக்கும் முடியலே. நீ சொல்லிட்டே, நான் சொல்லலே, அவ்ளோதான் வித்தியாசம்.’”

நாங்கள் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். சுப்பராமன் சார் மட்டும் சிரிக்கவில்லை.

“நீ என்ன சொன்னே?”

“இன்னாத்த சொல்றது சாரே? அந்த ஆள் நெசமாவே அழுவுறாரு. தண்ணி ஊத்திக் குடுத்துட்டு வந்தேன்.”

கடைசி நாள் திங்கட்கிழமை. பதினொரு மணிக்கு லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். பன்னிரண்டுக்குள் அடையாள அட்டை. கேக் வெட்டுவது என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரே நாளில் பதினேழு பேர் போனதால் நான்காம் மாடியில் பெரிய கேக் ஒன்றாக வைத்து, பதினேழு பேரையும் கத்தியை ஒரே சமயத்தில் பிடிக்கச் சொன்னார்கள். கைகள் எட்டவில்லை. பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களின் முழங்கையைத் தொட்டுக்கொண்டார்கள். அக்கா நான்காவது வரிசையில் யாரோ ஒருவருடைய சட்டையைத் தொட்டபடி நின்றார். மதிவாணன் போட்டோ எடுத்தார்.

நிலாவிடம் சொல்லிவிட்டாரா என்று ரூபீனா கேட்டாள். இல்லை, பரீட்சை முடியட்டும் என்று வைத்திருக்கிறாராம். தினமும் காலையில் அதே நேரத்துக்குக் கிளம்பி எங்கே போவது என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

லிஃப்டில் புடவை மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்ததால் படியிலேயே இறங்கினோம். ஒரு துணிப்பையில் டிபன் பாக்ஸ், செருப்பு ஒரு ஜோடி, ஒரு சின்ன முருகன் படம். இருபத்து மூன்று வருடம் அந்தப் பைக்குள் அடங்கிவிட்டது. அதிலும் இடம் மிச்சம் இருந்தது. சுப்பராமன் சார் வாசல் வரை வந்தார். “தேவானை…” என்றார். பிறகு கைகூப்பினார். அக்காவைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அக்கா அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

ரூபீனாவும் நானும் பஸ் ஸ்டாப் வரை போனோம். மதிய வெயில். துணிக்கடைப் பைகளோடு கூட்டம். சைதாப்பேட்டை பஸ் வரவில்லை. ரூபீனா திடீரென்று நடைபாதையிலேயே நின்று அழ ஆரம்பித்தாள். “எனக்கு முடியலக்கா. தினமும் அந்த சீட்ல உக்காரும்போது உங்க மடியில உக்கார்ற மாதிரி இருக்கு. நான் இப்பவே மேல போறேன். ஷ்ரேயாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். என்ன ஆனாலும் ஆகட்டும். அது என் எடம், நீங்க ஏன் போகணும்?” என்றாள். நானும், “ஆமாக்கா, ரெண்டு பேருமாப் போறோம்” என்றேன்.

அக்கா பஸ் வருகிற திசையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை, சைதாப்பேட்டையில் போய்ப் பார்க்கும்போதுகூட, அவர் ஆபீஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசியாகப் பேசியது அன்று பஸ் ஸ்டாப்பில்தான்.

“சொல்லு, போய் சொல்லு. சொன்னா இன்னா ஆவும் தெரியுமா? ஏமாத்திட்டேன்னு உன்னை அனுப்புவான், சுப்பு சாரை அனுப்புவான், இதோ மரம் மாதிரி நிக்குதே, இத்தையும் அனுப்புவான். என்னை மட்டும் திரும்பக் கூப்ட மாட்டான். அப்பால நாலு பேரும் இதே ஸ்டாப்புல நின்னுகினு, யாரு ரொம்ப நல்லவங்கன்னு பேசிகினு கெடக்கலாம். அயாத, கண்ணத் தொட. உனக்கு ரெண்டரைக்கு மீட்டிங் கீது, மேல போ. எனக்குத்தான் எங்கயும் நேரமாவல.”